முன்னே பின்னே இருக்கும்

'ப்ரீபோன்' என்று யாராவது சொன்னால் உடனே மூக்கைச் சுளிக்கிற ஓர் ஆசாமி ஒவ்வொரு ஆபீஸிலும் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் பி.காம். முடித்து முதன்முதலாகச் சேர்ந்த இடத்தில் ஹெட்கிளார்க்காக இருந்தவர் அந்த ரகம். "சார், மூணு மணி மீட்டிங் ரெண்டு மணிக்கு ப்ரீபோன் ஆயிடுச்சு" என்று போய்ச் சொன்னால், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "தம்பி, டெலிபோன் உண்டு, கிராமபோன் உண்டு, சாக்ஸபோன் உண்டு, போஸ்ட்போனும் உண்டு. ப்ரீபோன் கிடையாது" என்பார். மீட்டிங் என்னவோ ரெண்டு மணிக்கே நடந்து முடிந்துவிடும்.

அவர் கட்சிக்காரர்களுக்கு ஒரு துக்கச் செய்தி. ப்ரீபோன் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. நம் ஊர் குமாஸ்தாக்கள் டீ குடித்துக்கொண்டே கண்டுபிடித்த வார்த்தை என்று நினைப்பதும் சரியில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே 'முன்னால் வைப்பது' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷ்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள். 1913 டிசம்பரில் ட்ரெனர் என்று ஒருவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். போஸ்ட்போனுக்கு ஜோடியாக ப்ரீபோன் என்று ஒரு வார்த்தை இருந்தால் நன்றாயிருக்கும், முக்கியமாக வக்கீல்களுக்கு உபயோகப்படும் என்று. பாவம், வக்கீல்கள் கண்டுகொள்ளவில்லை. வாய்தாவை சீக்கிரமாக்கச் சொல்லி எந்த வக்கீல் கேட்பார்? அமெரிக்காவில் போணியாகாத சரக்கு இந்திய ஆபீஸ்களில் வந்து சக்கைப்போடு போட்டது.

பிரித்துப் பார்த்தால் விஷயம் சுலபம். லத்தீனில் 'ப்ரே' என்றால் முன். 'போஸ்ட்' என்றால் பின். 'போனெரே' என்றால் வை. பின்னால் வைத்தால் போஸ்ட்போன். முன்னால் வைத்தால் ப்ரீபோன். மாமனார் மாமியார் மாதிரி பொருத்தமான ஜோடி. இதில் ஒருவரை மட்டும் வீட்டுக்குள் விடுவேன், இன்னொருவர் வாசலில் நிற்கட்டும் என்றால் என்ன நியாயம்?

சரி, ப்ரீபோன் வேண்டாம் என்கிறவர்கள் அதற்குப் பதில் என்ன சொல்கிறார்கள்? 'மீட்டிங்கை பிரிங் ஃபார்வர்டு பண்ணியாச்சு' என்கிறார்கள். இங்கேதான் காமர்ஸ் படித்தவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் சாஸ்திரத்தில் ஃபார்வர்டு என்றால் அடுத்தது. பேரேட்டில் ஒரு பக்கம் முடிந்தால் கூட்டுத்தொகையை 'கேரிடு ஃபார்வர்டு' என்று எழுதி அடுத்த பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வியாபாரத்தில் நஷ்டமா? இன்கம்டாக்ஸ் சட்டப்படி எட்டு வருஷம் வரைக்கும் கேரி ஃபார்வர்டு பண்ணலாம். அதாவது இனி வரப்போகிற வருஷங்களுக்கு. இப்படி மூன்று வருஷம் ஃபார்வர்டு என்றால் எதிர்காலம் என்று மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்தவனிடம், "வியாழக்கிழமை இன்டர்வியூ பிராட் ஃபார்வர்டு" என்றால் அவன் வெள்ளிக்கிழமைதான் போய் நிற்பான். இன்டர்வியூ புதன்கிழமையே முடிந்திருக்கும்.

இது நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் போதாததால் வருகிற கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே இதைப் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'அடுத்த புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் ஃபார்வர்டு ஆகிவிட்டது. எந்தக் கிழமை?' இதுதான் கேள்வி. திங்கள் என்று ஒரு கோஷ்டி, வெள்ளி என்று ஒரு கோஷ்டி. இங்கிலீஷைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள்! லெரா போரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கர் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வேடிக்கை என்னவென்றால், ஏர்போர்ட்டில் யாரையோ வரவேற்கக் காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று அதிகமாகச் சொன்னார்களாம். தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் இருப்பவனுக்கு முன்னால் என்பது நாளை, நாளன்றைக்கு. ஒரே இடத்தில் நின்று காத்திருப்பவனுக்குக் காலம்தான் அவனை நோக்கி வருகிறது. அவனுக்கு முன்னால் வருவது சீக்கிரம் வருவது. ப்ரீபோனில் இந்த வம்பே கிடையாது. திங்கள் என்றால் திங்கள்தான்.

தமிழ் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். நம் கதையும் அதேதான், கொஞ்சம் கூடுதலாகவே.

'மூணு நாளைக்கு முன்னாடி' என்றால் போன காலம். 'முன்னாடி போங்க, படியில நிக்காதீங்க' என்று கண்டக்டர் சொன்னால் பஸ் போகிற திசை. முன்னோர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள். முன்னேற்றம் இனிமேல்தான் வரவேண்டும். முன்னாள் மந்திரிக்குப் பதவி போய்விட்டது. முன்னணி நடிகருக்கு மார்க்கெட் உச்சத்தில் இருக்கிறது. எதிர்காலம் நமக்கு எதிரில், முகத்துக்கு நேராக இருக்கிறது. ஆனால் அந்த எதிர்காலத்தில் வருகிற நாட்களுக்குப் பெயர் பின்னாட்கள்! முகத்துக்கு நேரே இருப்பது எப்படி ஐயா முதுகுக்குப் பின்னால் போனது? இத்தனையும் சமாளித்துத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சில் பெரிய சேதம் இல்லை. எழுத்தில், அதுவும் பணம் சம்பந்தப்பட்ட எழுத்தில் வரும்போதுதான் ஆளையே கவிழ்த்துவிடும்.

அப்படிக் கவிழ்ந்த ஒருவனை எனக்குத் தெரியும். அதே ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். ஊரில் அம்மா தனியாக. அம்மாவுக்கு சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல் இருந்தது. மெட்ராஸுக்குக் கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். மேன்ஷனில் அம்மாவை எப்படி வைத்துக்கொள்வது? ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு தேடினான். கடைசியில் நங்கநல்லூர் பக்கம் ஒரு சின்ன போர்ஷன் அமைந்தது. தனி பாத்ரூம், தண்ணீர்க் கஷ்டம் இல்லை, வாசலிலேயே பஸ். பத்து மாத வாடகை அட்வான்ஸ்.

நடுவில் அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 'ஆன்டே' என்றாலும் லத்தீனில் முன்தான். 'அபான்டே' என்பதிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 'அவான்ஸே' என்று ஆக்கினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ் பண்டிதர்கள் சிலர் இது வேறு ஏதோ லத்தீன் முன்னொட்டு என்று தப்பாக நினைத்து நடுவில் ஒரு 'ட்' சேர்த்துவிட்டார்கள். ஆக, அட்வான்ஸில் அந்த 'ட்' அநியாயமாக வாங்கியது. பத்து மாதமும்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2017-ல் சட்டம் போட்டாயிற்று. ஒப்பந்தம்தான் வேறு மாதிரியே எழுதப்படுகிறது. நான் சொல்கிற சம்பவம் அந்தச் சட்டத்துக்கு நாலைந்து வருஷம் முந்தியது.

பையனிடம் பாதிப் பணம் கையில் இருந்தது. அதை நோட்டாகக் கொடுத்துவிட்டான். மீதிக்கு ஆபீஸில் லோன் எழுதிப் போட்டிருந்தான். அடுத்த மாதம் ஏழாம் தேதி சம்பளத்தோடு வரும். வீட்டுக்காரர் நல்ல மனுஷன். "பரவாயில்லப்பா, மீதிக்கு முன்தேதி போட்டு ஒரு செக் கொடுத்துடு" என்றார்.

முன்தேதி!

நம் பையன் யோசித்தான். அகவிலைப்படி உயர்வு பற்றிப் பேப்பரில் என்ன போடுகிறார்கள்? மார்ச்சில் அறிவித்துவிட்டு 'ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு வழங்கப்படும்' என்கிறார்கள். ஆக முன்தேதி என்றால் கடந்துபோன தேதி. அவன் லாஜிக்கில் ஓட்டை இல்லை. இருபதாம் தேதி உட்கார்ந்து, பத்தாம் தேதி போட்டு, செக்கைக் கிழித்துக் கொடுத்தான். வீட்டுக்காரர் சொன்னதோ வேறு. வரப்போகிற தேதியை முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிடு என்பதைத்தான் அவர் சுருக்கி முன்தேதி என்றார். அவர் லாஜிக்கிலும் ஓட்டை இல்லை. செக்கை வாங்கிப் பார்க்காமல் கவரில் போட்டு வைத்தார். அவருடைய மருமகன் பாங்க் வேலைகளைப் பார்ப்பவர். கவரைப் பிரித்தார், தேதி தாண்டிவிட்டதே என்று மறுநாளே கலெக்‌ஷனுக்குப் போட்டுவிட்டார். கணக்கில் எண்ணூறு ரூபாய் சில்லறைதான் இருந்தது.

செக் திரும்பிவிட்டது. வீட்டுக்காரர் கோர்ட்டு கீர்ட்டு என்று போகவில்லை. கொடுத்த ரொக்கத்தையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "ஆரம்பத்துலயே இப்படின்னா எப்படி தம்பி?" என்று மட்டும் கேட்டார். போர்ஷன் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இவன் அடுத்த வீடு பிடிக்க இரண்டரை மாதம் ஆயிற்று. அதுவரை அம்மா ஊரிலேயே கட்டு மாற்றிக்கொண்டு இருந்தார். விரல் ஒன்றை எடுக்கும்படி ஆயிற்று. சீக்கிரம் வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் அவன் கேட்கவில்லை. நாங்களும் அவனிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எனவே செக் விஷயத்தில் முன்தேதி, பின்தேதி என்ற பேச்சையே நான் விட்டுவிட்டேன். இங்கிலீஷில் வரப்போகிற தேதி போட்டால் அது போஸ்ட்-டேட்டட். கடந்துபோன தேதி போட்டால் ஆன்ட்டி-டேட்டட். அதுவும் தெரியவில்லையா, 'சார், அடுத்த மாசம் ஏழாம் தேதி போடட்டுமா?' என்று பச்சைத் தமிழில் கேட்டுவிடுவது உத்தமம்.

இன்னும் சில விவரங்கள், செலவில்லாமல். போஸ்ட்-டேட்டட் செக்கை அந்தத் தேதிக்கு முன்னால் பாங்கில் நீட்டினால் பணம் தரமாட்டார்கள். ஆன்ட்டி-டேட்டட் செக் செல்லும், ஆனால் அதன் ஆயுள் செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான். முன்பு ஆறு மாதமாக இருந்தது, 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் பாங்க் மூன்றாகக் குறைத்துவிட்டது. ஆகவே ஜூன் 20-ஆம் தேதி ஒருவர் உங்களுக்கு ஏப்ரல் 1 என்று தேதி போட்ட செக் தந்தால் சிரித்துக்கொண்டே வாங்கி, சிரித்துக்கொண்டே பாங்குக்கு ஓடுங்கள். ஜூன் கடைசியில் அதன் கதை முடிந்தது.

கடனுக்காகக் கொடுத்த செக், பணம் இல்லை என்று திரும்பினால், 1881-ஆம் வருஷத்து செலாவணி முறி ஆவணச் சட்டத்தில் 138-வது பிரிவு என்று ஒன்று காத்திருக்கிறது. 1989 ஏப்ரல் முதல் இருக்கிறது. செக் வாங்கியவர் பாங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் கிரிமினல் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். தேதியும் தொகையும் போடாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கிற தாராளப் பிரபுக்கள் கவனிக்கவும். நீங்களாக மனமுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை வேறொருவர் நிரப்பினார் என்பதற்காக மட்டும் தப்பித்துவிட முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

மேலே ஆன்ட்டி என்று எழுதும்போதே உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். தமிழில் எழுதினால் மூன்று ஆன்ட்டிகள் ஒன்றாகிவிடுகிறார்கள். மாடி வீட்டு ஆன்ட்டியை விட்டுவிடுவோம். மற்ற இரண்டில் ஒன்று லத்தீன், அதற்கு 'முன்' என்று அர்த்தம். இன்னொன்று கிரேக்கம், 'எதிர்' என்று அர்த்தம். ஆன்ட்டிபயாடிக் எதிர் வகை. கர்ப்பிணிகளைப் பார்க்கிற ஆன்ட்டிநேட்டல் வார்டு முன் வகை, பிரசவத்துக்கு முன். இங்கிலீஷ் எழுத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தையும் நம்பக்கூடாது. 'ஆன்டிசிபேட்டரி பெயில்' இருக்கிறதே, அதில் எழுத்து எதிர் வகை, அர்த்தம் முன் வகை. ஜாமீனுக்கு எதிர்ப்பு என்று யாரும் பயப்படவேண்டாம். இதில் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். முன்ஜாமீன் என்று நெத்தியடியாகப் போட்டுவிட்டார்கள்.

போஸ்ட்டிலும் இதே போலிகள் உண்டு. லெட்ஜரில் 'போஸ்ட்டிங்' போடுகிறோம். "போஸ்ட்டிங் ராமநாதபுரமாம்" என்று ஒருவர் கண்ணீர் விடுகிறார். போஸ்ட்மேன் வருகிறார். இந்த எந்த போஸ்ட்டுக்கும் 'பின்' என்ற அர்த்தம் இல்லை. உத்தியோக போஸ்ட்டும் தபால் போஸ்ட்டும் 'வைக்கப்பட்டது' என்ற லத்தீன் வார்த்தையின் பிள்ளைகள். வழிநெடுகக் குதிரைகளை மாற்றுவதற்கு ஆட்களை ஆங்காங்கே நிறுத்தி வைத்தார்கள், அந்த ஏற்பாட்டில் கடிதம் போனது, அதனால் தபாலுக்கு போஸ்ட். அதாவது போஸ்ட்போனில் கடைசியில் இருக்கிற 'போனெரே'யின் வாரிசுதான் தபால் போஸ்ட். முதலில் இருக்கிற 'போஸ்ட்'டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. விளக்குக் கம்பத்து போஸ்ட் மூன்றாவது குடும்பம்.

பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி அபாயம். ஹால் டிக்கெட்டில் எஃப்.என்., ஏ.என். என்று போட்டிருக்கும். எஃப்.என். என்றால் ஃபோர்நூன், நண்பகலுக்கு முன். இந்த 'ஃபோர்' சுத்தமான பழைய இங்கிலீஷ் முன். ஏ.என். என்றால் ஆஃப்டர்நூன், நண்பகலுக்குப் பின். சரி, ஏ.எம். என்றால்? 'ஆன்டே மெரிடியம்', நண்பகலுக்கு முன்! அதே 'ஏ' ஓரிடத்தில் முன், இன்னோரிடத்தில் பின். பரீட்சை ஏ.என். என்று இருப்பதை ஏ.எம். என்று படித்துவிட்டுக் காலை ஏழு மணிக்கே போய் கேட்டில் நின்றவனாவது பரவாயில்லை, பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். மாற்றிப் படித்தவன் பாடு?

சர்க்கார் உத்தியோகத்தில் இந்த எஃப்.என்., ஏ.என். எழுத்துக்களுக்கு இருக்கிற மரியாதை கடவுளுக்குக்கூட இல்லை. காலையில் சேர்ந்தாரா, மாலையில் சேர்ந்தாரா என்று எழுதாமல் ஒரு ஜாயினிங் ரிப்போர்ட்டும் நகராது. மத்திய அரசு விதிப்படி ஓய்வு பெறுவது 60 வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில். ஆனால் மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்தவர், அதற்கு முந்தின மாதத்தின் கடைசி நாள் பிற்பகலிலேயே மாலை போட்டுக்கொண்டு கிளம்பிவிடவேண்டும். 2-ஆம் தேதி பிறந்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதல். பிறக்கும்போதே ஒருநாள் போஸ்ட்போன் செய்துகொண்ட புத்திசாலி.

ரயில்வேக்காரர்கள் இந்த ஏ.எம்., பி.எம். தலைவலியே வேண்டாம் என்று 24 மணிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். இருந்தும் எங்கள் தெருவில் ஒரு குடும்பம், 15-ஆம் தேதி 00.20 என்று டிக்கெட் எடுத்துவிட்டு, 15-ஆம் தேதி ராத்திரி புளியோதரை கட்டிக்கொண்டு, தாத்தா பாட்டி சகிதம் எழும்பூர் போனது. அவர்கள் ரயில் கிட்டத்தட்ட ஒரு நாள் முன்பே போய்விட்டிருந்தது. 15-ஆம் தேதி என்பது 14-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரத்திலேயே பிறந்துவிடுகிறது என்பதை நம் மனசு ஒப்புக்கொள்வதே இல்லை. நமக்குப் பொழுது விடிந்தால்தான் மறுநாள். புளியோதரையை பிளாட்பாரத்திலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மருந்துச் சீட்டில் ஏ.சி. என்று எழுதியிருந்தால் சாப்பாட்டுக்கு முன். பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பின். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் "பி.பி. எடுக்கணும், ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்பது ரத்த அழுத்தம் அல்ல. போஸ்ட்பிராண்டியல், சாப்பாட்டுக்குப் பின் பார்க்கிற சர்க்கரை. பிராண்டியல் என்பதில் பிராந்தி எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த முன்-பின் வார்த்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'ப்ரிபாஸ்டரஸ்'. மேனேஜர் கோபத்தில் ஃபைலைத் தூக்கி எறியும்போது சொல்வார். சுத்த அபத்தம் என்று அர்த்தம். உள்ளே பிரித்தால், ப்ரே - முன், போஸ்டெரஸ் - பின்னால் வருவது. பின்னால் வரவேண்டியது முன்னால் வந்தால் அது ப்ரிபாஸ்டரஸ். கல்யாணம் முடிந்து நிச்சயதார்த்தம் வைப்பது போல. நாமும் 'முன்னுக்குப் பின் முரண்' என்று சொல்கிறோமே, யாரும் யாரிடமும் காப்பி அடிக்காமல் இரண்டு ஊரிலும் அபத்தத்துக்கு ஒரே விதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வாயில் 'பிரிலிம்ஸ்' என்பது நாலு தரம் வந்துவிடும். பிரிலிமினரியில் ப்ரேயும் லிமெனும் இருக்கின்றன. லிமென் என்றால் வாசற்படி. படிக்கு வெளியே, இன்னும் உள்ளே கால் வைக்கவில்லை. அத்தனை லட்சம் பேர் படிக்கு வெளியில் நிற்கிறார்கள் என்பதை லத்தீன்காரன் என்றைக்கோ சொல்லிவைத்தான்.

'போஸ்துமஸ்' என்று ஒரு வார்த்தை. இறந்த பிறகு கொடுக்கிற விருதுக்கு முன்னால் போடுவார்கள். 1988-ல் எம்.ஜி.ஆருக்கு பாரத ரத்னா கொடுத்தபோது எல்லாப் பேப்பரிலும் வந்தது. லத்தீனில் அது வெறுமனே 'கடைசி' என்றுதான் இருந்தது. அப்பா இறந்த பிறகு பிறந்த கடைசிப் பிள்ளைக்கு அப்படிப் பெயர். 'ஹூமஸ்' என்றால் மண். மண்ணுக்குள் போன பிறகு என்று யாரோ ஊகித்து நடுவில் ஒரு 'ஹ' எழுத்தைச் செருகிவிட்டார்கள். உச்சரிப்பில் அது வாயே திறப்பதில்லை. அட்வான்ஸில் 'ட்', இதில் 'ஹ'. பண்டிதர்கள் சும்மா இருந்தாலே பாதி ஸ்பெல்லிங் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது ஆபீஸ் மெயில்களில் ஒரு புது வியாதி. 'போஸ்ட் லஞ்ச் பார்க்கலாம்', 'போஸ்ட் யுவர் அப்ரூவல் அனுப்புகிறோம்'. 'ஆஃப்டர்' என்ற ஏழை வார்த்தை என்ன பாவம் செய்தது? அதே மாதிரி 'ப்ரீ-பிளான்' என்கிறார்கள். பிளான் என்றாலே முன்னால் போடுவதுதானே? காரியம் முடிந்த பிறகு பிளான் போடுவது சர்க்கார் இலாகாக்களில் மட்டும்தான் உண்டு. அதற்கும் முறையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: போஸ்ட் ஃபாக்டோ சாங்ஷன். தமிழில் பின்னேற்பு ஆணை. ரோடு போட்டுப் பள்ளமும் விழுந்தபிறகு ரோடு போட அனுமதி வரும்.

பி.கு.: 'ப்ரிகோஷியஸ்' என்றால் வயசுக்கு மீறிய பையன். முன்னாலேயே வெந்தது, பழுத்தது என்பது அதன் லத்தீன் அர்த்தம். நம் பாட்டிமார் சொல்கிற 'பிஞ்சிலே பழுத்தது'தான், அப்படியே. அதே லத்தீன் வார்த்தை கிரேக்கம், அரபி எல்லாம் சுற்றி இங்கிலீஷில் ஒரு பழத்துக்குப் பெயராக வந்து உட்கார்ந்திருக்கிறது. சீக்கிரம் பழுக்கிற பழம் என்பதால். என்ன பழம் தெரியுமா? ஆப்ரிகாட். கிலோ விலை கேட்டேன். "முன்னே பின்னே இருக்கும் சார், எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.